மூடி இல்லாத துப்பாக்கி

1988 செப்டம்பர் மாதம் முழுவதும், வீட்டில் உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகலாம், வழக்கு எதுவும் வராது என்று பிரித்தானிய அரசாங்கம் அறிவித்திருந்தது. லண்டன் லம்பெத்தில் இருந்த டிரெஸ்கோட் ஏலக்கூடத்தில் அந்த மாதம் தொலைபேசி ஓயவே இல்லை. பரணில் கிடந்தது, மாமனார் விட்டுப்போனது, நிலவறையில் அகப்பட்டது என்று ஆளுக்கொரு துப்பாக்கியைச் சொல்லி, விற்கலாமா, பொலிசில் கொடுத்துவிடுவதா என்று கேட்டார்கள்.

குலசேகரம் அங்கே சாமான் தூக்கும் வேலையில் இருந்தார். வயது நாற்பத்து மூன்று. யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவுக் கந்தோரில் பதினாறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். ஒரே காணிக்கு இரண்டு உறுதிப் பத்திரங்கள் வந்தால் எது மெய், எது பொய் என்று பார்ப்பது அவர் வேலை. முத்திரையின் விளிம்பு, பத்திரம் எழுதிய நொத்தாரிசின் கையெழுத்து முடியும் இடம், காகிதத்தின் நிறம் எல்லாவற்றையும் பார்ப்பார். 1985இல் லண்டனுக்கு வந்தபோது அந்தக் கண்ணுக்கு இங்கே யாரும் சம்பளம் தரவில்லை. தோளுக்குத்தான் தந்தார்கள்.

ஏலக்கூடத்தில் ஆயுத அறை என்று ஒன்று இருந்தது. முதல்முறை அதற்குள் அனுப்பப்பட்டபோது அவர் வாசலிலேயே நின்றார். அதற்கு முந்திய வருடம்தான் மானிப்பாய் வீதியில் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில், முகம் தார் ரோட்டில் அழுந்த, இரண்டு மணித்தியாலம் குப்புறக் கிடந்திருந்தார். அவ்வளவு நேரமும் பிடரியில் ஓர் இரும்பு வட்டம் தொட்டுக்கொண்டிருந்தது. ஆயுத அறைக்குள் போன அன்று கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துப்பாக்கியையும் பாம்பைத் தூக்குவதுபோலத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார்.

சில கிழமைகள் கழித்து, பக்கத்துப் பக்கத்தில் சாத்தியிருந்த இரண்டு துப்பாக்கிகளின் விலைச் சீட்டுகள் அவர் கண்ணில் பட்டன. இரண்டும் அமெரிக்காவில் செய்த வின்செஸ்டர், 1873 மாடல். விசைக்குக் கீழே விரல்களை நுழைத்துப் பிடிக்க ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தானாக ஏறும். நூறு வருடம் பழைய சாமான். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் சீட்டில் முந்நூறு பவுண் என்றும் மற்றதில் ஆயிரத்து எண்ணூறு என்றும் எழுதியிருந்தது.

ஏன்?

அந்த மத்தியானம் அவர் சாப்பிடப் போகவில்லை. ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் கண்டுபிடித்தார். இரண்டுக்கும் மேலே தூசி விழாமல் ஒரு சிறிய மூடி இருந்தது. விலை கூடியதில் அந்த மூடி இரண்டு பக்கமும் உடலில் வெட்டிய தடங்களில் ஓடியது. விலை குறைந்ததில் நடுவே இருந்த ஒரே ஒரு தண்டவாளத்தில் ஓடியது. முதலாவது தொடக்க காலத்தில் செய்தது. இரண்டாவது பிறகு இலட்சக்கணக்கில் செய்தது. உறுதிகளில் முத்திரை மாறிய வருடத்தைக் கண்டுபிடிப்பது போலத்தான் இதுவும். கையுறையை எப்போது கழற்றினார் என்பது அவருக்கே நினைவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் ஆர்ச்வே நூலகத்தில் போய் உட்காரத் தொடங்கினார். அங்கே இல்லாத புத்தகங்களை எழுதிக் கொடுத்து வேறு நூலகங்களிலிருந்து வரவழைத்தார். ஒரு கொப்பியில் தமிழில் குறிப்பெழுதினார். ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்னால், மதிப்பீட்டாளர் ஆல்கட் சீட்டுக் கட்டுவதற்குள், தான் ஒரு மாடலும் ஒரு விலையும் கொப்பியில் எழுதிவைத்து, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார். முதல் வருடம் பத்தில் ஏழு பிழைத்தது. மூன்றாம் வருடம் பத்தில் ஒன்றுதான் பிழைத்தது. இரண்டொரு தடவை பிழைத்தவர் ஆல்கட் என்று அவருக்குத் தோன்றியது. வாய் திறக்கவில்லை.

வாய் திறக்க ஆளும் இல்லை. மனைவி கலாவதியும் மகள் சிவகௌரியும் மானிப்பாயில் இருந்தார்கள். அவருக்குக் கிடைத்திருந்த தற்காலிக விசாவில், நாலு வருடம் முடிந்த பிறகுதான் குடும்பத்தை அழைக்க விண்ணப்பிக்கலாம். கடிதங்கள் வழியில் யாரோ பிரித்து, மறுபடி ஒட்டி, ஒன்றரை மாதம் கழித்து வந்தன. அவர் அனுப்பியவையும் அப்படித்தான் போயிருக்கும். அதில் துவக்கு என்று, துப்பாக்கிக்கு ஊரில் வழங்கும் அந்த ஒரு சொல் இருந்தால் யார் எந்த வேளையில் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே ‘பழைய சாமான் விற்கும் கடையில் வேலை’ என்று எழுதினார். அவளும் எல்லாவற்றையும் எழுதவில்லை. போன மார்கழியில் அவளுடைய தம்பி சந்திரன் செத்துப்போனதை ஒரே வரியில் எழுதியிருந்தாள். எப்படி என்று எழுதவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஹைகேட் முருகன் கோயிலில் பூசை முடிந்து கீழே சாப்பிட உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்த சிவானந்தனிடம் மெல்ல இந்தக் கதையைத் தொடங்கினார். சிவானந்தன் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்பவர், நல்ல மனிதர். மூடி ஓடும் தடம் வரைக்கும் கேட்டுவிட்டுச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

“அண்ணை, உந்தக் கதையை இஞ்சை கதையாதேங்கோ. ஆர் எங்கை போய் என்ன சொல்லுவினம் எண்டு தெரியாது.”

“இது நூறு வருசப் பழசு, சிவானந்தன். இதாலை இப்ப ஒருத்தரும் சுடுறேல்லை.”

“எனக்கு விளங்குது. கேக்கிறவனுக்குத் துவக்கு எண்டதுதான் காதில விழும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை சிவானந்தன் வேறு வரிசையில் உட்கார்ந்திருந்தார். குலசேகரம் பிறகு கோயிலில் வானிலையைப் பற்றியும் வீட்டு வாடகையைப் பற்றியும் மட்டும் பேசினார்.

செப்டம்பர் மூன்றாம் கிழமை, வட லண்டன் எட்மண்டனில் ஒரு வீட்டைக் காலிசெய்யப் போனார்கள். குலசேகரமும் வான் ஓட்டும் கெவினும். வீட்டுக்காரி திருமதி ஹாலிஸ், எழுபத்தொரு வயது, கணவனை இழந்தவர். வீட்டை விற்றுவிட்டு அன்று இரவே கடற்கரை ஊரான மார்கேட்டில் இருக்கும் தங்கையிடம் போகிறார். ஆல்கட் போன கிழமையே வந்து அலுமாரிகளையும் ஒரு பெரிய மணிக்கூட்டையும் மதிப்பிட்டிருந்தார்.

எல்லாவற்றையும் வானில் ஏற்றி முடித்தபோது, திருமதி ஹாலிஸ் மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டறையிலிருந்து கம்பளியில் சுற்றிய ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார்.

“இதை வழியில் பொலிஸ் நிலையத்தில் இறக்கிவிடுவீர்களா? என் கணவர் ரான் வைத்திருந்தது. உங்கள் ஆல்கட் பார்த்தார். 1873 மாடலாம். மூடி தொலைந்துவிட்டதாம், தொடர் இலக்கத்தை யாரோ அராவிவிட்டார்களாம். அதற்கு இன்னும் தோட்டா கிடைக்குமாம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம், கொடுத்துவிடுங்கள் என்றார்.”

கெவின் இரண்டு கையையும் தூக்கினான். “நான் அதைத் தொட மாட்டேன். வானிலும் ஏற்ற மாட்டேன்.”

குலசேகரம் கம்பளியை விலக்கினார். தலைமுதல் கால்வரை கரிய பெயின்ட் பூசிய ஒரு வின்செஸ்டர். அவர் மூடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். மூடி தொலைந்திருந்தால் அது ஓடிய தடம் இருக்க வேண்டும், அல்லது தண்டவாளத்தின் திருகாணி ஓட்டையாவது இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. வழவழவென்று இருந்தது. மூடி தொலையவில்லை. அதற்கு மூடியே இருந்ததில்லை.

“உங்களிடம் காந்தம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

தையல் பெட்டியில் ஊசி பொறுக்கும் காந்தம் ஒன்று இருந்தது. துப்பாக்கிக் குழாயில் வைத்தார், ஒட்டியது. உடலில் வைத்தார், விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்து சமையலறைத் தரையில் உருண்டது.

1873 மாடலின் உடல் இரும்பு. அதற்கு முந்தியதான 1866 மாடலின் உடல் பித்தளை. வளையத்தைக் கீழே தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தார். தோட்டாவின் நடுவில் அடிக்கும் ஒற்றை ஊசிக்குப் பதிலாக, விளிம்பின் இரண்டு பக்கமும் அடிக்க இரண்டு சின்ன முனைகள். அந்த வகைத் தோட்டாவைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். தோட்டா இல்லாத பழந்துப்பாக்கியை அலங்காரத்துக்கு வைத்திருக்க இந்த நாட்டில் உரிமம் தேவையில்லை.

மிஞ்சியது இலக்கம் மட்டும். பிற்காலத்து 1866களில் அது வெளியே தெரியும். தொடக்கத்தில் செய்தவற்றில் மட்டும் தோளில் சாத்திப் பிடிக்கும் மரக்கட்டைக்குள் மறைந்திருக்கும் என்று படித்திருந்தார். கண்ணால் கண்டதில்லை. ஒரு திருகாணி முடுக்கி வாங்கி, கட்டையைப் பிடித்திருந்த ஆணியை மெல்லத் தளர்த்தினார். கட்டை பிடிவாதமாக இருந்து, பிறகு ஒரு முனகலோடு கழன்று வந்தது. உள்ளே பெயின்ட் போகாத மஞ்சள் பித்தளையில் ஐந்து எண்கள். 12741.

“இருக்கு! இஞ்சை இருக்கு! பாருங்கோ, இலக்கம் உள்ளுக்கை இருக்கு!”

தான் தமிழில் கத்துகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. திருமதி ஹாலிஸ் ஒரு சொல்லும் விளங்காமல் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். குலசேகரம் வெட்கப்பட்டு, மூச்சு வாங்கி, ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார்.

“பெயின்ட் ரான் அடித்தது,” என்றார் திருமதி ஹாலிஸ். “1940இல். ஜெர்மன்காரன் வந்து இறங்குவான் என்று ஊர்க்காவலுக்கு ஆள் சேர்த்தார்கள். இவருக்குக் கொடுக்கத் துப்பாக்கி இல்லை. வீட்டில் இருந்ததைக் கொண்டு போனார். ‘இருட்டில் இது தங்கப் பல்லுப் போல மின்னுகிறது’ என்று அதிகாரி திட்டினாராம். இந்தச் சமையலறையில் வைத்துத்தான் அடித்தார். மூன்று நாள் வீடு முழுக்க நாற்றம்.” பிறகு, “நீங்கள் நிச்சயமாகச் சொல்கிறீர்களா? ஆல்கட் தானே நிபுணர்?” என்றார்.

குலசேகரம் நினைத்துப் பார்த்தார். தான் பிழையென்றால் இது உரிமமில்லாத துப்பாக்கி. அதைத் தற்காலிக விசாவில் இருக்கும் ஓர் இலங்கைத் தமிழன் லண்டன் தெருவில் கொண்டு போகிறான். விசா போகும். கலாவதிக்கும் கௌரிக்கும் போடப்போகிற விண்ணப்பமும் போகும். ஏலக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஆல்கட் வெளியே போயிருந்தார். ஒரு மணித்தியாலமாகும் என்றார்கள். வீட்டின் சாவியை அன்று மாலை கொடுத்துவிட வேண்டும். கெவின் வானைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

“நிச்சயம்,” என்றார்.

“அப்படியானால் நானும் வருகிறேன். என்னுடைய சாமான். நானே கொண்டு வருகிறேன்.”

கடைக்குப் போகும்போது இழுத்துக்கொண்டு போகிற, சக்கரம் வைத்த கட்டம்போட்ட பை ஒன்று அவரிடம் இருந்தது. கட்டை கழன்ற துப்பாக்கியைத் தலையணை உறையில் போட்டுப் பைக்குள் நிறுத்தினார்கள். குழாயின் நுனி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் திருமதி ஹாலிஸ் தன் மழைத்தொப்பியை மாட்டினார். கட்டை குலசேகரத்தின் கையில், காகிதப் பைக்குள்.

லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்குப் போகும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பை இருவருக்கும் நடுவே நின்றது. மார்கேட் தங்கை அதிகம் பேசுவாள் என்றும், ரான் போன பிறகு இரண்டு வருடம் தான் வானொலியோடுதான் பேசியதாகவும் அவர் சொன்னார். குலசேகரம் தன் மகளுக்கு எட்டு வயது என்றும், மூன்று வருடமாகப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். திருமதி ஹாலிஸ் கைப்பையிலிருந்து ஒரு புதினா இனிப்பை எடுத்து நீட்டினார். சுரங்க ரயிலைப் போல இந்த ரயிலிலும் ‘உரிமையாளர் இல்லாத பொதிகளைக் கண்டால் அறிவியுங்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. குலசேகரம் அதைப் படிக்காமலிருக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நிலையத்தில் அப்போது பெரிய கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. பலகைப் படிகளில் ஏறித்தான் வெளியே போக வேண்டும். திருமதி ஹாலிஸ் பையை முதல் படியில் இழுத்தபோது, பக்கத்தில் நின்ற இளம் பொலிஸ்காரர் ஓடிவந்து கைகொடுத்தார்.

“அப்பா! இதற்குள் என்ன, ஈயக்குழாயா?”

“என் கணவருடைய துப்பாக்கி,” என்றார் திருமதி ஹாலிஸ்.

இரண்டு நிமிடத்தில் அவர்கள் நிலையத்தின் பொலிஸ் அறையில் இருந்தார்கள். குலசேகரத்தை மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பெயர் கேட்டார்கள், எழுத்துக்கூட்டினார். நாடு கேட்டார்கள், சொன்னார். அந்தப் பதிலுக்குப் பிறகு மேசையில் இருந்த சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். குலசேகரம் மூடியைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். ஆங்கிலம் வாயில் கட்டிக்கட்டியாக வந்தது. காந்தத்தைக் கொண்டு வராமல் விட்டோமே என்று நினைத்தார்.

சார்ஜன்ட் ஏலக்கூடத்து இலக்கத்தைச் சுழற்றினார். ஆல்கட் திரும்பி வந்திருந்தார். சார்ஜன்ட் கேட்டது மட்டும்தான் குலசேகரத்துக்குக் கேட்டது. “அப்படியா? 1873 என்று நீங்களே சொன்னீர்களா? அதற்கு உரிமம் வேண்டும், இல்லையா?” பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தொலைபேசியைக் குலசேகரத்திடம் நீட்டினார்.

ஆல்கட்டின் குரல் மெதுவாக இருந்தது. “குலா, என்ன செய்துவிட்டீர்கள்?”

“அது 1866, சேர்.”

“மூடி?”

“மூடி ஓடும் தடம் இல்லை. ஓட்டையும் இல்லை. அதற்கு மூடியே இருந்ததில்லை.”

“ஊசி?”

“இரட்டை. விளிம்பில் அடிப்பது. உடல் பித்தளை, சேர், காந்தம் ஒட்டவில்லை. மேலே பெயின்ட்.”

“இலக்கத்தை அராவியிருந்தார்களே.”

“அராவவில்லை. கட்டைக்குள்ளே இருக்கிறது. பன்னிரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று.”

மறுமுனையில் யாரோ தூரத்தில் தட்டச்சு அடிப்பது கேட்டது. இந்த மனிதர் இப்போது என்ன சொல்கிறாரோ அதுதான் தன் வாழ்க்கை என்று குலசேகரம் நினைத்தார். தன் பிழையை மறைக்க ஆல்கட் ஒரு சொல் சொன்னால் போதும்.

“சார்ஜன்டிடம் கொடுங்கள்,” என்றார் ஆல்கட்.

சார்ஜன்ட் கேட்டார், தலையாட்டினார், ஏதோ எழுதினார். தொலைபேசியை வைத்துவிட்டு, “நீங்கள் சொன்னதுதான் சரி என்கிறார். தான் இருட்டில் பார்த்தாராம்,” என்றார். பிறகு, துப்பாக்கியை இப்படி மழைத்தொப்பி மாட்டி ஊர்வலம் கொண்டு போகக்கூடாது என்று இருவரையும் கடிந்துகொண்டு, லம்பெத் வரைக்கும் பொலிஸ் காரிலேயே அனுப்பிவைத்தார். திருமதி ஹாலிஸ் காரில் ஏறியதும் சிரிக்கத் தொடங்கி, ஆற்றைக் கடக்கும்வரை நிறுத்தவில்லை.

ஏலக்கூடத்தில் ஆல்கட் விளக்கை இழுத்துவைத்துப் பத்து நிமிடம் அதைப் பார்த்தார். பாராட்டவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு வெற்றுச் சீட்டையும் பேனையையும் எடுத்துக் குலசேகரத்தின் பக்கம் தள்ளினார். “விலையும் நீங்களே போடுங்கள்.”

குலசேகரம் நாலாயிரம் என்று எழுதினார். பெயின்டைச் சுரண்டிப் பித்தளையை மினுக்கினால் இன்னும் போகுமே என்று ஆல்கட் கேட்டபோது, “வேண்டாம்,” என்று இருவர் ஒரே நேரத்தில் சொன்னார்கள், குலசேகரமும் திருமதி ஹாலிஸும்.

அன்று பின்னேரம் ஆர்ச்வேயில் தன் அறைக்குத் திரும்பி, நீல ஏரோகிராம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். நெஞ்சு நிறைந்திருந்தது. ‘அன்புள்ள கலாவதிக்கு, இன்று வேலையில்’ என்று எழுதினார். நிறுத்தினார். எந்தச் சொல்லை எடுத்தாலும் அடுத்த சொல் துவக்கு என்றே வந்தது. பிறகு, ‘இன்று வேலையில் ஒரு வயதான அம்மாவைச் சந்தித்தேன். நல்ல மனுஷி. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கௌரியின் இருமல் எப்படி?’ என்று எழுதி ஒட்டினார். கீழ்த்தளத்தில் யாரோ மீன் பொரித்தார்கள். அந்த வீட்டில் ஆறு அறைகள், ஆறு வாடகைக்காரர்கள். ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது.

நவம்பர் ஏலத்தில் துப்பாக்கி நாலாயிரத்து அறுநூறுக்குப் போனது. தொலைபேசியில் கேட்ட யாரோ ஓர் அமெரிக்கர் வாங்கினார். ஏலப் புத்தகத்தில் அதைப் பற்றிய பத்து வரியும் குலசேகரம் எழுதியவை. 1940ஆம் ஆண்டுப் பெயின்டைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அவர் பெயர் இல்லை. சாமான் விவரம் எழுதுபவர்களின் பெயரைப் போடும் வழக்கம் அங்கே இல்லை. புதுவருடத்திலிருந்து அவருக்கு ஆயுத அறையின் மூலையில் ஒரு மேசை கிடைத்தது. திருமதி ஹாலிஸ் மார்கேட்டிலிருந்து டிசம்பரில் ஒரு நத்தார் வாழ்த்து அட்டை அனுப்பினார். தங்கை நிறையப் பேசுகிறாள் என்று மட்டும் எழுதியிருந்தது.

1990 சித்திரையில் கலாவதியும் கௌரியும் ஹீத்ரோவில் வந்து இறங்கினார்கள். கௌரி அவரை ‘அப்பா’ என்று கூப்பிட இரண்டு நாள் எடுத்தது. தென் லண்டன் சட்டனில் ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்திருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம், அவருடைய பெட்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த கலாவதி ஐந்து கொப்பிகளையும் ஒரு கட்டுப் புகைப்படங்களையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சாருங்கோ, இதென்ன?”

“என்ர வேலை.”

“பழைய சாமான் விக்கிற கடை எண்டெல்லோ எழுதினியள்?”

“ஓம். இதுவும் பழைய சாமான்தான். இரும், சொல்லுறன்.”

ஐந்து வருடமாக இந்த மத்தியானத்துக்காகக் காத்திருந்தவர் போல அவர் சொன்னார். படங்களைக் கட்டிலில் பரப்பி, மூடி ஓடும் தடத்தைக் காட்டினார். காந்தம் உருண்டதை, மழைத்தொப்பியை, பொலிஸ் காரை எல்லாம் சொன்னார். கௌரி விழுந்து விழுந்து சிரித்தாள். கலாவதி ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தாள்.

“இதில எந்தத் துவக்கு ஆளைச் சுட்டது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியாது. அது ஒண்டிலயும் பதிஞ்சிருக்காது.”

“அப்ப விலை எப்பிடிப் போடுறியள்?”

“எத்தினை செய்தவங்கள், அதில எத்தினை மிச்சம் இருக்கு, அதை வைச்சு...”

தான் சொன்னது தன் காதில் விழ, அவர் நிறுத்தினார்.

கலாவதி கௌரியைக் கீழே போய்ப் பால் வாங்கிவரச் சொன்னாள். கதவு சாத்திய பிறகு சொன்னாள்: “சந்திரனைச் சுட்டது என்ன துவக்கெண்டு நான் பாக்கேல்லை. சந்தியில, சைக்கிள் கடைக்கு முன்னால. எனக்குச் சத்தம்தான் கேட்டது. நான் வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தன். ஆர் சுட்டதெண்டு ஒருத்தரும் கேக்கவுமில்லை, சொல்லவுமில்லை. கடிதத்தில எழுத ஏலுமே?”

அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். அந்தக் கையில் படங்கள் இருந்தன. அவள் அவற்றை அடுக்கி, கொப்பிகளோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தாள்.

“உங்களை வேலையை விடச் சொல்லேல்லை. நல்ல வேலைதான். வீட்டை மட்டும் கொண்டு வராதேங்கோ.”

“இல்லை. கொண்டு வரமாட்டன்.”

திங்கட்கிழமை அவர் பெட்டியை ஏலக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் மேசையின் கீழே இழுக்கும் லாச்சியில் வைத்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அங்கே வேலை செய்தார். பெர்மிங்காமிலிருந்தும் எடின்பரோவிலிருந்தும் வியாபாரிகள் தொலைபேசியில் ‘குலா இருக்கிறாரா’ என்று கேட்கும் அளவுக்கு அவர் சொல்லுக்கு மதிப்பு வந்தது. புதிதாக எது வந்தாலும் முதலில் கட்டையின் அடியில் ஆளைச் சுட்ட கணக்குக்கு வெட்டிய கீறல் உண்டா, பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு பழக்கமும் வந்தது. அநேகமாக ஒன்றும் இருக்காது.

வீட்டில் அவர் ரயில் பிந்தியதைப் பற்றியும் கௌரியின் கணக்குப் பாடத்தைப் பற்றியும் பேசினார். கலாவதி நன்றாகச் சிரிப்பாள், நன்றாகச் சமைப்பாள். சண்டை சச்சரவு இல்லை. வேலை எப்படி என்று அவள் கேட்டதில்லை. சில நாட்களில் சட்டன் ரயிலில் வரும்போது, அன்று கண்டுபிடித்த ஏதோ ஒன்று வாய்வரைக்கும் வந்து நிற்கும். தலைகீழாகக் குத்திய ஓர் எழுத்தாக இருக்கும்; வேறெங்கும் இல்லாத ஒரு திருகாணியாக இருக்கும். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து, தாழ்ந்த குரலில், தமிழில் அதைச் சொல்லுவார். சொல்லி முடித்துவிட்டுப் பத்திரிகையை மடித்துக்கொண்டு, இறங்குகிற கதவுக்கு அருகில் போய் நிற்பார்.